முழங்கால் நாரும் மகளிர் விளையாட்டும்

மகளிர் உதைபந்தாட்ட உலகக் கிண்ணப் போட்டி 2023ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடைபெற்றபோது, அதில் ஆடியிருக்க வேண்டிய முன்னணி வீராங்கனையர் பலர் களமிறங்க இயலாது விலகி நின்றனர். இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீதமா ஆகியோர் அவருட் சிலர். மூவர்க்கும் அறுந்தது முழங்காலினுள்ளே இருக்கும் ஒரே நார்.

முழங்கால் கதவின் கீல் போன்றது என்று பள்ளியிற் படித்தோம். அது முற்றும் உண்மையன்று. கீல் ஒரு திசையிலேயே அசையும். முழங்காலோ மடங்குவதுடன் சிறிது திரும்பவும் செய்யும். இவ்வசைவுக்கு எல்லை வகுப்பதற்கே தொடையென்பையும் கணைக்காலென்பையும் மூட்டின் நடுவில் இரு நார்கள் குறுக்கும் மறுக்குமாய்ப் பிணைத்து நிற்கின்றன. அவற்றுள் முன்குறுக்கு நாரானது கணைக்காலென்பு முன்னோக்கி வழுக்காமலும் அளவுக்கு மிஞ்சி முறுகாமலும் காப்பது. சுண்டுவிரல் நீளமுமில்லாத இந்நார் முழுவதும் அறுந்தாற் பெரும்பாலும் தானாகச் செவ்வனே பொருந்துவதில்லை. நோயாளியின் உடலிலேயே வேறோரிடத்திலிருந்து நாரெடுத்துப் பதித்தல் வேண்டும். மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமோ அதற்கு மேலோ செல்லும்.

எதிரியின் மோதலாலேயே இது நேர்வதென்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. பெரும்பாலானவை ஒருவரும் தீண்டாமலே, துள்ளி நிலத்தில் ஊன்றும்போதும், விரைந்தோடிச் சடுதியாய் நிற்கும்போதும் திரும்பும்போதும் நிகழ்வன.

அமெரிக்கக் கல்லூரிகளில் 1989 முதல் 1993 வரை நிகழ்ந்த காயங்களை எலிசபெத் ஆரென்ற், ரண்டால் டிக் என்னும் இருவர் கணக்கிட்டு 1995இல் வெளியிட்டனர். ஒருவர் ஒரு முறை ஆடவோ பயிலவோ இறங்குவதை ஒன்றெனக் கொண்டால், உதைபந்தாட்டத்தில் இலட்சம் முறைக்கு மகளிர்க்கு 31ம் ஆடவர்க்கு 13ம் ஆக இந்நார் அறுந்தது. கூடைப்பந்தாட்டத்தில் 29ம் 7ம் ஆகும். ஒரே ஆட்டம், ஒரே விதிகள். ஆயினும் இத்துணை வேறுபாடு!

காரணந் தேடியோர் முதலில் என்பையே நோக்கினர். மகளிரின் இடுப்பு அகன்றது, நார் சிறியது, அது செல்லும் இடுக்கும் ஒடுங்கியது என்றனர். மாதாந்த உடல் மாற்றங்களையுஞ் சிலர் ஆராய்ந்தனர். இவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் என்பைப் பயிற்சியால் மாற்றவொண்ணாது. எனவே, மாற்றக்கூடியது யாது என்று வினவியோரே நமக்குப் பயன்பட்டவர் என்பது எம் கருத்து.

பூப்புப் பருவத்துக்கு முன் இருபாலாரிடையும் இவ்வேறுபாடு மிகச் சிறிதே. அதன்பின் சிறுவர்க்கு உயரத்துடன் தசைவலியும் மிகுகின்றது. சிறுமியர்க்கு உயரமும் நிறையும் கூடும் அளவிற்கு வலிமை கூடுவதில்லை. ஆதலின் துள்ளி ஊன்றும்போது முழங்கால்கள் போதிய அளவு மடங்காது உட்புறமாய்ச் சாய்கின்றன. திமொதி ஹியூவெற் என்பாரும் அவர் குழுவினரும் 205 வீராங்கனையர் துள்ளி ஊன்றும் முறையை முன்னரே அளந்து வைத்து, பின்னர் என்ன நேர்கின்றதென நோக்கினர். ஒன்பதின்மர்க்கு நார் அறுந்தது. அவ்வொன்பதின்மரின் முழங்காலை உட்புறம் வளைத்த விசை, ஏனையோரினும் இரண்டரை மடங்காயிருந்தமை 2005இல் வெளியாயிற்று.

துள்ளி ஊன்றுதல் கற்பிக்கத்தக்கது. சுவீடன் நாட்டில் 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 உதைபந்தாட்டச் சிறுமியரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வாரம் இருமுறை பதினைந்து நிமிடம் ஒற்றைக்காலில் தாழ்ந்தெழுதல், இடுப்பை உயர்த்தல், முழங்காலை நேரே வைத்துத் துள்ளி ஊன்றல் முதலியவற்றைப் பயின்றனர். கருவி எதுவும் வேண்டியதில்லை. அவர்களிடை இந்நார்க்காயம், பயிலாதாரோடு ஒப்பிட, ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. சிறுவர்க்கு உடற்பயிற்சிக்கூடமும் தேர்ந்த பயிற்றுநரும் எளிதிற் கிடைக்க, சிறுமியர்க்கு அவை கிடையாமையும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமென 2021இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். அது சிந்திக்கத்தக்க கூற்றே.

எம் காலத்துக் கல்லூரி மைதானத்தில் நாம் ஆடவர் மாத்திரமே ஓடினோம். அன்று உடனாடியோருட் பலர் இன்று வலைப்பந்தும் உதைபந்தும் ஆடும் பெண்மக்களின் தந்தையரும் பாட்டன்மாருமாவர். அவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஓரடி உயரப் பெட்டியொன்றினின்று பிள்ளையைக் கீழே இறங்கி உடனே மேலே துள்ளச் சொல்லி, நேர் எதிரே நின்று முழங்கால்களை மட்டும் நோக்குக. அவை பாதவிரல்களுக்கு நேரே நின்றால் நன்று. ஒன்றையொன்று நெருங்கி உள்ளே சாய்ந்தால், அடுத்த ஆட்டத்துக்கு முன்னரே பயிற்றுநரிடம் அதனைச் சொல்லுக.