எக்சோகைனேசு நொதிகளின் திசுப் பரவல்

எக்சோகைனேசு என்பது குளுக்கோசை குளுக்கோசு-6-பாசுப்பேட்டாக மாற்றும் நொதிக் குடும்பமாகும். இதற்கான பாசுப்பேட்டு ஏடிபி மூலக்கூறிலிருந்து கிடைக்கிறது. இவ்வாறு மாறிய குளுக்கோசு உயிரணுவை விட்டு எளிதில் வெளியேற இயலாது. பாலூட்டிகளில் இக்குடும்பத்தின் நான்கு வகைகள் நன்கு அறியப்பட்டுள்ளன.

பரவல்

எக்சோகைனேசு 1 பெரும்பாலான திசுக்களில் உள்ளது. மூளையிலும் சிவப்பணுக்களிலும் இதுவே முதன்மையானது. எக்சோகைனேசு 2 எலும்புத்தசை, இதயத்தசை, கொழுப்புத் திசு ஆகியவற்றில் மிகுதி. எக்சோகைனேசு 3 வெள்ளையணுக்கள், மண்ணீரல், நுரையீரல் போன்றவற்றில் காணப்படுகிறது. குளுக்கோகைனேசு எனப்படும் நான்காம் வகை முக்கியமாகக் கல்லீரலிலும் கணையத்தின் பீட்டா உயிரணுக்களிலும் உள்ளது.

காரணம்

முதல் மூன்று வகைகள் குளுக்கோசு மிகக் குறைவாக உள்ளபோதும் செயல்படும். குளுக்கோகைனேசு தன் பாதி வேகத்தை எட்டவே லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் குளுக்கோசு தேவை. எனவே உண்ணாதிருக்கும்போது கல்லீரல் குளுக்கோசுக்காக மூளையுடன் போட்டியிடுவதில்லை. உணவுக்குப்பின் மிகுதியை எடுத்துக் கிளைக்கோசனாகச் சேமிக்கிறது. பீட்டா உயிரணுக்களில் இதே நொதி குளுக்கோசு அளவை உணர்ந்து இன்சுலின் சுரப்பைத் தூண்ட உதவுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

குளுக்கோகைனேசு மரபணுவின் இரு படிகளில் ஒன்று செயலிழந்தால், இரத்தச் சர்க்கரை பிறப்பிலிருந்தே சற்று உயர்ந்திருக்கும். இது மோடி 2 எனப்படுகிறது. பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. இரு படிகளும் செயலிழந்தால், பிறந்த குழந்தைக்கே கடும் நீரிழிவு ஏற்படும். சிவப்பணுக்களில் இழைமணிகள் இல்லாததால், அவை ஆற்றலுக்குச் சர்க்கரைச் சிதைவையே நம்பியுள்ளன. ஆகவே எக்சோகைனேசு 1 குறைபாடு சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகிறது.