கால் விறைப்பு: புண் வருமுன் நரம்பைச் சோதிப்போம்

மன்னாரின் முசலிப் பக்கத்தில் நீண்ட காலமாகச் சீனி வருத்தத்தோடு இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "செருப்பு கழன்டு விழுந்தது தெரியாமலே நடந்து வந்திட்டன்" என்று யாராவது ஒருவர் சிரித்தபடி சொல்வார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டிய விசயமல்ல இது. சிலாவத்துறையிலோ அரிப்பிலோ நண்பகல் மணலில் வெறுங்காலோடு நின்று "சுடவில்லை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய பாத நரம்புகள் வேலையை விட்டுக்கொண்டிருக்கின்றன என்றே நாம் எண்ண வேண்டும்.

வலிக்காத புண்தான் ஆபத்து

2005-2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த தேசிய ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடி நின்றால் உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாகும். கால்விரல் நுனி வரை போகிறவை அவைதான். ஆகவே விறைப்பு விரல்களில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று மெல்ல மேலே ஏறும். சிலருக்கு எரிவு, சிலருக்கு ஊசி குத்துவது போன்ற உணர்வு, சிலருக்குப் பஞ்சில் நடப்பது போன்ற மதமதப்பு. பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிப்பி ஓடு கிழிக்கும், முள் ஏறும், செருப்பு வார் உரசும். வலி வராததால் காலைத் திரும்பிப் பார்க்க மாட்டார். நாற்றம் வந்த பிறகுதான் கிளினிக்குக்கு வருவார். அதற்குள் விரலைக் காப்பாற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

நரம்பில் ஓடுவதும் மின்சாரமே

மன்னார் வளைகுடாவில் மின் திருக்கை உண்டு. அதைத் தொட்ட கை விறைத்துப்போகும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் வைத்தியர் ஸ்க்ரிபோனியஸ் லார்குஸ், கீல்வாத வலிக்கு உயிருள்ள மின் திருக்கையைக் காலடியில் வைத்து, கால் மரக்கும்வரை நிற்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறார். மின்சாரம் என்ற ஒன்றையே மனிதர் அறியாத காலம் அது.

நம் நரம்பிலும் செய்தி மின்துடிப்பாகவே ஓடுகிறது. அது ஓடும் வேகத்தை 1850 இல் தவளையின் நரம்பில் முதன்முதலாக அளந்து காட்டியவர் ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ். மனிதரின் உணர்வு நரம்பை, தோலைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே அளக்க இன்னும் நூறு வருடம் தேவைப்பட்டது. அந்தச் சமிக்ஞை ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் சில பங்குதான். தசையின் அசைவும் கருவியின் இரைச்சலும் அதை மூடிவிடும். ஒரே தூண்டலைப் பல தடவை கொடுத்து, வரும் பதில்களை ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தால் இரைச்சல் அடங்கி நரம்பின் பதில் மட்டும் தெளிந்து நிற்கும். லண்டனில் ஜோர்ஜ் டோசன் இந்த வழியில் உழைத்து, 1956 இல் விரல்களைத் தூண்டி உணர்வு நரம்பின் வேகத்தை அளந்து வெளியிட்டார். இன்று பெரிய வைத்தியசாலைகளில் நடக்கும் உணர்வு நரம்புப் பரிசோதனைக்கு அடித்தளம் அதுவே.

பரிசோதனை அறையில் என்ன நடக்கும்?

"கறண்ட் வைக்கப் போறாங்களாம்" என்று கேள்விப்பட்டே திகதியைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்டிலில் படுக்க வைப்பார்கள். கை குளிர்ந்திருந்தால் முதலில் சூடாக்குவார்கள். குளிர்ந்த நரம்பு மெதுவாக ஓடும், நல்ல நரம்பும் நோயுற்றது போலக் காட்டிவிடும். சுட்டுவிரலில் இரண்டு மெல்லிய வளையங்களை மாட்டி, மணிக்கட்டில் சிறு மின்வாய்களை ஒட்டுவார்கள். பிறகு ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் நீடிக்கும் சிறு துடிப்பு, அடுத்தடுத்துச் சில தடவை. விரலில் யாரோ சுண்டியது போல இருக்கும். கூச்சமாக இருக்கும், சிலருக்குச் சற்று வலிக்கும். பரிசோதனை முடிந்ததும் எழுந்து பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம்.

திரையில் ஒரு சிறு அலை எழும். தூண்டிய இடத்துக்கும் அலை பதிவான இடத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நாடாவால் அளப்பார்கள். 14 சென்ரிமீற்றர் தூரத்தை 2.8 மில்லி செக்கனில் கடந்திருந்தால் வேகம் செக்கனுக்கு 50 மீற்றர். கையில் அது நல்ல வேகம். காலில் பெரும்பாலும் கெண்டைச் சதையின் பின்புறம் தூண்டி, வெளிக் கணுக்காலுக்குப் பின்னால் பதிவெடுப்பார்கள். கால் நரம்பின் வேகம் இயல்பிலேயே சற்றுக் குறைவு.

வேகத்தைப் போலவே அலையின் உயரமும் முக்கியம். கம்பிக்கு மேலே இறப்பர் உறை இருப்பதுபோல நரம்பிழைக்கும் ஓர் உறை உண்டு. உறை கெட்டால் வேகம் குறையும். உள்ளிழைகளே அழிந்தால் அலை சிறுத்துப்போகும். நோய் எங்கே, எந்த வகை என்று வைத்தியர் பிரித்தறிவது இதைக்கொண்டுதான். இரவில் கை விறைத்து எழுந்து உதறுகிற பெண்களுக்கு, நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறதா, கழுத்தில் பிரச்சினையா என்பதையும் இது காட்டிக்கொடுக்கும்.

பரிசோதனைக்குப் போகும் நாளில் கையிலும் காலிலும் எண்ணெயோ கிறீமோ பூச வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பட்டினி கிடக்கத் தேவையில்லை. இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது பரிசோதனை மட்டுமே, சிகிச்சை அல்ல. "கறண்ட் கொடுத்தால் செத்த நரம்பு எழும்பும்" என்று சந்தையில் விற்கும் கால் மெஷின்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விறைத்த காலை அவற்றில் வைப்பது நல்லதல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தப் பரிசோதனை பருமனான, வேகமான இழைகளைத்தான் அளக்கும். எரிவையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் இதில் அகப்படா. ஆகவே "ரிப்போர்ட் நோர்மல்" என்று வந்த பிறகும் பாதம் எரிந்தால், அந்த எரிவு பொய் ஆகிவிடாது. திரும்பவும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நல்லெண்ணெயில் வந்த நஞ்சு

நரம்பை மின்சாரத்தால் ஆராய்வது இலங்கைக்குப் புதிதல்ல. 1977-78 இல் இருபதுக்கும் மேற்பட்ட இளம்பெண்களுக்குக் கைகால்கள் திடீரெனப் பலவீனமாகின. பழைய வழக்கப்படி, பெரியபிள்ளையான தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கும் நல்லெண்ணெயில் டிரை கிரெசில் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. வைத்தியர்கள் நிமால் சேனநாயக்கவும் ஜெயரட்ணமும் இதை 1981 இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதே வருடம் சேனநாயக்க, நோயாளிகளை மூன்று வருடம் பின்தொடர்ந்து செய்த நரம்பு மின் பரிசோதனைகளின் முடிவுகளையும் வெளியிட்டார். அந்த நோயில் பெரிதும் தாக்கப்பட்டவை தசையை அசைக்கும் இயக்க நரம்புகள். எந்த நரம்பு, எவ்வளவு, மீள்கிறதா என்ற கேள்விகளுக்கு வெறும் கண்ணால் பதில் கிடைக்காது என்பதால்தான் இந்தக் கருவி தேவைப்பட்டது.

உணர்வற்ற படை

சீனி வருத்தத்தைப் போல உணர்வு நரம்பை அழிக்கும் இன்னொரு நோய் தொழுநோய். 1995 இல் இலங்கை இதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கியது. ஆனாலும் வருடந்தோறும் புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். வேலூரில் 1940களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய போல் பிராண்ட், தொழுநோயாளியின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று நிறுவினார். பிறகு உத்தரப் பிரதேசத்தில் நயினி, பைசாபாத் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வொன்று, நைலோன் இழையால் தோலைத் தொட்டுப் பார்க்கும் சோதனையில் உணர்வு குறைவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே உணர்வு நரம்பின் மின் அலை மாறிவிடலாம் என்று காட்டியது. தோலில் வெளிறிய, தொட்டால் தெரியாத படை இருந்தால் மறைக்காதீர்கள். மருந்து இலவசம், குணமாகும் நோய் இது.

முசலியில் இன்றே செய்யக்கூடியது

எல்லோருக்கும் மின் பரிசோதனை தேவையில்லை. சீனி வருத்தக்காரருக்கு முதலில் வேண்டியது, கிளினிக்கில் ஒரு நைலோன் இழையாலும் இசைக்கவையாலும் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது. நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. யாரும் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "டொக்டர், என்ட காலையும் ஒருக்கா பாருங்க." விறைப்பு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலோ, வேகமாக ஏறினாலோ, தசை பலம் குறைந்தாலோ, காரணம் புரியாவிட்டாலோ வைத்தியர் நரம்பியல் பிரிவுக்குக் கடிதம் தருவார். சில நாட்களுக்குள் இரண்டு காலும் பலமிழந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

தொழுகைக்கு ஒழு எடுக்கும்போது ஒரு நாளில் பலமுறை கால் கழுவுகிற ஊர் இது. அந்த நேரத்தில் ஒரு தடவையாவது உள்ளங்காலைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்; விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். கண் மங்கிய வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். சுடுநீரில் கால் வைக்குமுன் முழங்கையால் சூட்டைப் பாருங்கள். வலை இழுக்கும்போதும் வயலிலும் மூடிய காலணி போடுங்கள்.

அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை நீட்டும்போது, சீனி அளவோடு கால் விறைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.