படுக்கை நோயாளிகளில் குருதி உறைவுத் தடுப்பு

குருதி உறைவுத் தடுப்பு என்பது, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் சிரைகளில் குருதி உறையாமல் காக்கும் நடவடிக்கைகளைக் குறிக்கும். இது அறுவை மருத்துவம் செய்துகொண்டோருக்கு மட்டுமே தேவை எனக் கருதப்படுவதுண்டு. ஆயினும் இதயச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி, பக்கவாதம், புற்றுநோய் முதலியவற்றால் படுக்கையில் இருப்போருக்கும் இந்த இடர் உண்டு. இக்கட்டுரை அத்தகையோருக்கான தடுப்பை விளக்குகிறது.

உறைவு உண்டாகும் விதம்

குருதியோட்டம் மந்தமாதல், குழாய்ச் சுவர் சேதமுறல், குருதியின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் உறைவுக்கான காரணங்கள் ஆகும். இவை 19 ஆம் நூற்றாண்டின் செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் வழங்கப்படுகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளை அழுத்திக் குருதியை மேலேற்றுகின்றன. படுக்கையில் இச்செயல் குறைகிறது. தொற்றும் புற்றுநோயும் உறையும் தன்மையை மிகுவிக்கின்றன.

காலின் ஆழ்சிரையில் தோன்றும் உறைகட்டி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியே சென்று நுரையீரல் தமனியை அடைக்கக்கூடும். இது நுரையீரல் தக்கையடைப்பு எனப்படும். திடீர் மரணத்தையும் விளைவிக்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ காணப்பட்டால் அக்காலைப் பிடித்துவிடுதலோ தைலம் தேய்த்தலோ கூடாது. பலரிடம் கால் வீக்கம் தோன்றுவதே இல்லை. மூச்சுத்திணறலே முதல் அறிகுறியாக அமையலாம். ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் முன்கூட்டியே தடுப்பது இன்றியமையாதது.

இந்திய நிலை

ஆசிய மக்களிடம் இந்நோய் அரிது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், சேர்க்கப்பட்ட ஒவ்வொரு 10,000 பேருக்கும் சுமார் 17 பேரிடம் ஆழ்சிரை உறைவு காணப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அறுவையோ காயமோ சாராத நோயாளிகள். 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான 'எண்டார்ஸ்' ஆய்வில் இந்தியாவும் இடம்பெற்றது. இங்கு இடருள்ளோரில் ஐந்தில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே உரிய தடுப்பைப் பெற்றிருந்தனர்.

இடர் மதிப்பீடு

2010 இல் வெளியான பதுவா மதிப்பெண் முறை பரவலாகப் பயன்படுகிறது.

- புற்றுநோய், முன்னர் ஏற்பட்ட சிரை உறைவு, நடமாட்டக் குறைவு, பிறவி முதலிய காரணங்களால் அமைந்த உறைவுக் கோளாறு: ஒவ்வொன்றும் 3
- அண்மையில் ஏற்பட்ட காயம் அல்லது அறுவை: 2
- 70 அல்லது அதற்கு மேற்பட்ட அகவை, இதய அல்லது சுவாசச் செயலிழப்பு, மாரடைப்பு அல்லது பக்கவாதம், தொற்று அல்லது மூட்டுவாத நோய், உடற்பருமன், இயக்குநீர் மருந்து: ஒவ்வொன்றும் 1

கூட்டுத்தொகை 4 அல்லது அதற்கு மேற்பட்டால் இடர் மிகுதி. இதற்கு வருடிக் கருவிகள் தேவையில்லை. எனவே தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற வட்டத் தலைநகரங்களிலும், உயர் சிகிச்சைக்கு வேறு ஊருக்கு அனுப்பும் முன்பே, கேள்விகள் வாயிலாக இம்மதிப்பீட்டைச் செய்ய இயலும்.

தடுப்பு முறைகள்

இயன்றவரை விரைவில் எழுந்து நடத்தல் எளிய முறையாகும். இடர் மிக்கோருக்குக் குறைந்த அளவு ஹெப்பாரின் அல்லது எனாக்சபாரின் தோலடி ஊசியாகச் செலுத்தப்படுகிறது. 1999 இல் வெளியான 'மெடினாக்ஸ்' ஆய்வில், நாளொன்றுக்கு 40 மி.கி. எனாக்சபாரின் பெற்றோரில் சிரை உறைவு 14.9 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காடாகக் குறைந்தது. சிறுநீரகம் பழுதுற்றோருக்கு இம்மருந்தின் அளவைக் குறைத்தல் வேண்டும்.

குருதிக்கசிவு இதன் முதன்மையான தீங்கு ஆகும். டெங்குவில் தட்டணுக்கள் மிகக் குறைந்தோருக்கும், விரியன் கடியால் குருதி உறையாமை கண்டோருக்கும் இம்மருந்துகள் பொருந்தா. குருதிக்கசிவு இடர் மிக்கோருக்குக் காற்றழுத்தக் காலுறைகள் பயன்படலாம். பக்கவாத நோயாளிகளில் இவற்றின் பயனை 2013 இல் வெளியான ஆய்வு காட்டியது. சாதாரண அழுத்தக் காலுறைகள் அவர்களுக்குப் பயனளிக்கவில்லை என 2009 இல் அறியப்பட்டது.

வரம்புகள்

இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் நடந்து 2011 இல் வெளியான 'லைஃபினாக்ஸ்' ஆய்வில், காலுறையுடன் எனாக்சபாரினும் பெற்றோரின் இறப்பு வீதம் குறையவில்லை. எனவே அனைவருக்கும் ஊசியிடுவது இதன் நோக்கமன்று. சேர்க்கையின்போதே ஒவ்வொருவரின் உறைவு இடரையும் குருதிக்கசிவு இடரையும் சீர்தூக்கி முடிவெடுத்தலே முறையாகும்.