வெயிலுக்கு அஞ்சாத அரளி!

கத்தரி வெயிலில் ரோஜா கருகும். கனகாம்பரம் துவளும். அரளி மட்டும் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும்!

நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் இதைப் பார்க்கலாம். தார் கொதிக்கும் சாலையின் நடுவே, சிவப்பும் வெள்ளையுமாக வரிசையாக நிற்பது அரளிதான். எதிரே வரும் லாரியின் விளக்கு, டிரைவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுப்பதற்காக அதை நட்டிருக்கிறார்கள். தண்ணீர் லாரி சில நாள் வராவிட்டாலும் செடி செத்துப்போவதில்லை.

சேலம் பக்கம் பனமரத்துப்பட்டியில் விவசாயிகள் இதைத் தோட்டம் தோட்டமாகப் பயிர் செய்கிறார்கள். மாலை கட்ட அங்கிருந்து பூ போகிறது.

இலையில் இருக்கிறது ரகசியம்

எல்லா இலைகளிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் செடியின் நீர் ஆவியாக வெளியேறும். அரளி இலையில் இந்தத் துளைகள், அடிப்புறத்தில் உள்ள குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழிகளில் நுண்ணிய மயிர்கள் வேறு! அனல் காற்று அடித்தாலும் ஈரம் எளிதில் போகாது. இலையின் மேலே மெழுகு பூசினாற்போன்ற தடித்த தோல்.

ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் 1945-ல் அணுகுண்டு விழுந்தது. இனி அங்கே புல்கூட முளைக்காது என்று பேசிக்கொண்டார்கள். அந்தச் சாம்பல் மேட்டில் முதலில் பூத்த செடிகளில் அரளியும் ஒன்று. 1973-ல் அதையே நகரத்தின் மலராக அறிவித்தார்கள்.

ஒரு குச்சி போதும்

விதை தேடி அலைய வேண்டாம். பக்கத்து வீட்டில் பென்சில் கனத்தில் முற்றிய குச்சி ஒன்று கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளம் போதும். கீழ் இலைகளை நீக்கி, மழைக்காலத்தில் நடுங்கள். வேர் பிடிக்க ஒரு மாதம் ஆகலாம். தினமும் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. குச்சி பட்டுப்போவது அதனால்தான்!

நல்ல வெயில் படும் இடமாக இருக்கட்டும். முதல் வருஷம் வாரம் இருமுறை தண்ணீர் விடலாம். பிறகு செடி தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கினால்தான் வேர் அழுகும்.

புதுக் கிளையின் நுனியில்தான் பூ வரும். ஆகவே ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். கொழுந்தில் மஞ்சள் நிற அசுவினி அடையாக ஒட்டினால், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மருந்து தேவையில்லை.

விஷம்! ஜாக்கிரதை!

அழகுக்கு ஆசைப்படும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். காய்ந்த பிறகும் விஷம்தான். அது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்.

கேரளத்தில் 2024-ம் ஆண்டு மே மாதம், அரளியைத் தின்றதாகச் சொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் மரணம் பேச்சானது. அதன் பிறகு திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ கூடாது என்று முடிவு செய்தது.

தவழும் குழந்தை உள்ள வீடா? இப்போதைக்குச் செம்பருத்தி வையுங்கள். அரளி சில வருஷம் காத்திருக்கட்டும். மற்றவர்கள் வேலி ஓரத்தில் வைக்கலாம். ஆடு மாடு பச்சைச் செடியைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் வெட்டிய தழை வைக்கோலோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். தொழுவத்தின் பக்கம் போடாதீர்கள். குச்சியை அடுப்பில் வைக்காதீர்கள், புகையும் கெடுதல். பூப் பறித்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தை தவறி வாயில் போட்டுவிட்டால் கை வைத்தியம் வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். தின்ற செடியின் சிறு கிளையையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். டாக்டருக்கு அது உதவும்.