கடுகளவு பெயின்ட் பெயர்ந்தால்?

லாரிக்குப் பின்னால் போகும்போது ‘டக்’கென்று ஒரு ஜல்லி பானெட்டில் அடிக்கும். கடுகளவு பெயின்ட் பெயரும். அதை ஏன் மூட வேண்டும்?

கார் பெயின்ட் ஒரே பூச்சு அல்ல. துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். குழியில் பிரைமர் தெரிந்தால் அவசரமில்லை. இரும்புத் தகடு தெரிந்தால்தான் வில்லங்கம். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும்; அதனால் சுற்றியுள்ள பெயின்டை அடியிலிருந்து நெம்பித் தூக்கும். கடலோர ஊர்களின் உப்புக்காற்று இதற்குத் தூபம் போடும். பிளாஸ்டிக் பம்பருக்கு இந்தக் கவலை கிடையாது, அழகுதான் கெடும்.

துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, மெழுகுப் பிசுக்கு போகத் துடைத்து, பிரைமரைத் தொட்டு வையுங்கள். நிறம் வாங்கும்போது வண்டியில் உள்ள தகட்டின் நிறக் குறியீட்டைப் பாருங்கள். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை! பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமன், பல்குச்சியே மேல். ஒரே சொட்டில் குழியை நிரப்பினால் மேல்பரப்பு முதலில் காய்ந்து, கரைப்பான் உள்ளே சிக்கும். பிறகு அது மெல்ல வெளியேற, பூச்சு சுருங்கிப் பள்ளமாகும். மெல்லிசாக, காயவிட்டுக் காயவிட்டு, மூன்று நான்கு முறை வையுங்கள். கடைசியில் கிளியர் கோட்.