'இது யாருக்காக?' – வேலை தந்த ஒரு கேள்வி

கைத்தொலைபேசியில் 'வாங்கு' என்ற பொத்தானை நாம் யோசிக்காமல் அழுத்துகிறோம். அந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்வதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது. லஸாடா 2012-இலும் ஷாப்பி 2015-இலும் மலேசியாவுக்கு வந்தபோது நான் தமிழ்ப்பள்ளி மாணவி. இன்று என் மூத்த மாணவர்கள் இத்தகைய இணையக் கடைகளில் வடிவமைப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். அவர்களில் இருவரை அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில் சந்தித்துப் பேசினேன்.

கிள்ளானைச் சேர்ந்த அக்கா ஒருவர், தீபாவளி வாழ்த்து அட்டைகள், கோயில் திருவிழாப் பதாகைகள் என்று தாம் வரைந்த அனைத்தையும் தொகுத்து எடுத்துச் சென்றார். "அழகாக இருக்கிறது. இது யாருடைய சிக்கலைத் தீர்த்தது?" என்று கேட்டார்கள். அவரிடம் பதில் இல்லை. அடுத்து, வெள்ளைப் பலகையில் முதியவர்கள் பொருள் வாங்குவதற்கான ஒரு திரையை வரையச் சொன்னார்கள். எதுவும் கேட்காமல் உடனே வரையத் தொடங்கினார். வேலை கிடைக்கவில்லை.

"திறமை போதவில்லை என்று நினைத்தேன். உண்மையில் நான் கேள்வி கேட்கவே இல்லை," என்றார் அக்கா.

வேறொரு நிறுவனத்தில் இதேபோன்ற பயிற்சி வந்தது. இம்முறை முதலில் கேட்டார்: வாங்குபவர் யார்? எந்த மொழியில் படிப்பார்? எப்படிப் பணம் கட்டுவார்? பிறகு தம் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அம்மா சேலையைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் போட்டுவிடுவார். ஆனால் வங்கி எண் கேட்கும் பக்கம் வந்ததும் பயந்து, மகள் வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பார். அந்தப் பயத்தைக் குறைக்கும் வகையில்தான் அக்கா திரையை வரைந்தார். வேலை கிடைத்தது.

இது சின்ன விஷயமல்ல. அமெரிக்க வல்லுநர் ஜாரெட் ஸ்பூல் பதிவு செய்த சம்பவம் ஒன்று வடிவமைப்புத் துறையில் புகழ்பெற்றது. ஓர் இணையக் கடையில் பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்ற பொத்தான் வந்தது. பலர் அத்துடன் விலகிவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு, பதிவு கட்டாயமில்லை என்ற குறிப்புடன் 'தொடர்க' என்று மாற்றினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 விழுக்காடு கூடினர். முதல் ஆண்டில் கூடுதல் வருமானம் 30 கோடி டாலர்.

மற்றொருவர் செந்தூலில் வசிக்கும் அண்ணன். அவரைத் தடுமாற வைத்தது 'நாங்கள்' என்ற சொல். குழுவாகச் செய்த இறுதியாண்டுத் திட்டத்தை விளக்கும்போது, "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். "அதில் உங்கள் பங்கு என்ன?" என்று இரண்டு முறை கேட்டார்கள். 'நான்' என்று சொல்வது தற்பெருமை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கடினம்தான். அமேசான் போன்ற நிறுவனங்கள் பதிலை நான்கு படிகளில் சொல்லப் பரிந்துரைக்கின்றன: சூழல் என்ன, என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன. இதைப் பழகிக்கொண்டால் பெருமை பேசாமலேயே நம் உழைப்பைக் காட்டலாம்.

அண்ணனுக்கு ஒரு கசப்பும் உண்டு. பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனம் ஐந்து பக்கங்களை வார இறுதிக்குள் வடிவமைத்துத் தரச் சொன்னது. இரண்டு இரவுகள் தூங்காமல் முடித்து அனுப்பினார். இன்றுவரை பதில் இல்லை. கல்விக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியவரால் முடியாது என்று சொல்ல இயலவில்லை. "இப்போதெல்லாம் முன்கூட்டியே கேட்டுவிடுவேன். எத்தனை மணி நேரம் ஆகும்? என் வேலையை நீங்கள் பயன்படுத்துவீர்களா? முடிவை எப்போது சொல்வீர்கள்?" என்றார். மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை என்பது அவர் கற்ற பாடம்.

எனக்கும் விரைவில் தொழிற்பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு வருகிறது. என் தொகுப்பில் இருந்த 20 படைப்புகளை மூன்றாகக் குறைத்துவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: இது யாருக்காக?

நண்பர்களே, நீங்களும் தயாராகிறீர்கள் என்றால், இன்றிரவு வீட்டில் அம்மாவோ பாட்டியோ இணையத்தில் ஏதாவது வாங்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். உதவி செய்ய அவசரப்படாதீர்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். உங்கள் முதல் பதில் அங்கேதான் இருக்கிறது.