பாகோவுக்கு வந்துபோன கடல்

பாகோவுக்குப் போகும் வழியில் கடல் எங்கேயும் கண்ணில் படுவதில்லை. ஜொகூர் பாருவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் வழிநெடுகச் செம்பனைதான். நடுநடுவே ஒரு ரப்பர்த் தோட்டம், ஒரு செம்மண் மேடு, மறுபடியும் செம்பனை. பாகோவில் இறங்கினால் சின்னக் கடைத்தெரு. அதைத் தாண்டியதும் எதிர்பாராத அளவில் எழுந்து நிற்கும் கட்டடங்கள். 2017இல் திறக்கப்பட்ட உயர்கல்வி மையம் அது. துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம், ஒரு பாலிடெக்னிக் ஆகிய நான்கும் அங்கே அக்கம்பக்கமாக இயங்குகின்றன. நூலகமும் மண்டபமும் விளையாட்டுத் திடலும் நான்குக்கும் பொது.

படிவம் ஐந்து படிக்கும் மகளுக்குப் பொறியியல் ஆசை வந்திருக்கிறது. அதனால் இந்தப் பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வேண்டாம், பாகோவும் மூவாரும் போதும் என்று முடிவாயிற்று. மாமனாரும் உடன் வந்தார். இளம் வயதில் மூவார்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பார்த்தவர் அவர்.

பல்கலைக்கழக ஊர்களின் வரிசையில் பாகோ கைக்குழந்தை. ஆனால் ஊர் பழையது. வளாகத்திலிருந்து சற்றுத் தள்ளி, மூவார் ஆற்றங்கரைக் கிராமமான கம்போங் ராஜாவில், மலாக்காவின் ஏழாவது சுல்தான் அலாவுடின் ரியாயட் ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. அவர் இறந்தது 1488இல். அவருடைய மகன் சுல்தான் மாமுட்டும் 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தபின் இந்தப் பக்கம்தான் ஒதுங்கினார்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ராஜா எதுக்கும்மா காட்டுக்குள்ள வந்து இருந்தாரு? கப்பல் வெச்சிருந்தவர்தானே?"

எனக்கு முன் மாமா பதில் சொன்னார். "அப்போ ரோடு எதுய்யா? ஆறுதான் ரோடு. படகுக்காரனுக்கு இது காடு இல்ல, வாசல்."

அந்த வாசலுக்குக் கடல் எவ்வளவு பக்கம் என்பது பிற்பகலில் மூவாருக்குப் போகும் வழியில்தான் புரிந்தது. மேடுகள் மெல்லத் தாழ்ந்து மறைய, நிலம் தாம்பாளம் போலத் தட்டையாகிவிடுகிறது. சாலையோரம் நேர்கோட்டில் வெட்டிய வாய்க்கால்கள். மலாயில் அவற்றுக்குப் பாரிட் என்று பெயர். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று ஜொகூரின் மேற்குக் கரையில் எத்தனையோ ஊர்கள் வாய்க்காலின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. "வாய்க்கால் வெட்டாம இங்க ஒண்ணும் நட முடியாது. மம்பட்டிய வெச்சா கீழே களிமண்ணு. காலை இழுத்துக்கும்" என்றார் மாமா.

அந்தக் களிமண் கடல் இட்டது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் நீரில் இன்றைவிடக் கூடுதலான பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்தது. கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. மலாக்கா நீரிணை அப்போது நீரிணை இல்லை, வெறும் நிலம். இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகக் கடல் ஏறியது. ஏறி இன்றைய கரையில் நின்றுவிடவும் இல்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தத் தீபகற்பத்தில் கடல் இப்போதிருப்பதைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது, பிறகுதான் பின்வாங்கியது. நாங்கள் காரில் போன சமவெளி கடலின் அடித்தரை.

நம்மவர்களுக்குக் கொற்கையைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலைவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. மூவார் ஆறும் அதே வேலையைத்தான் செய்துவருகிறது.

ஆற்றுநீரில் மிதந்துவரும் களிமண் துகள், 0.002 மில்லிமீட்டரையும்விடச் சிறியது. அதன் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ஒரே வகை மின்னூட்டம் என்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அதனால் படியாமல் நீரில் அலைந்துகொண்டே இருக்கின்றன. கழிமுகத்தில் கடலின் உப்பு வந்து கலக்கிறது. உப்பிலுள்ள நேர்மின் அயனிகள் துகள்களைச் சூழ்ந்து அந்த விலக்கத்தைத் தணிக்க, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிக் கனத்துக் கீழே இறங்குகின்றன. கலங்கிய நீரைத் தெளியவைக்கக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசும் பழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, அங்கே கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் துகள்களைப் பிடித்துக் கட்டி இறக்குகின்றன. ஒவ்வோர் ஆற்று முகத்திலும் அதற்கு ஒப்பான வேலையைக் கடல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

அவசரமாகத் திரண்ட துகள்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதில்லை. சீட்டுக்கட்டில் கட்டிய வீடு மாதிரி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் சாய்ந்து நிற்கும். இடைவெளியெல்லாம் நீர். மூவார்க் களிமண்ணில் சில ஆழங்களில் மண்ணின் எடைக்கு ஏறக்குறைய நிகரான எடையில் நீர் இருக்கிறது. கெட்டி நிலம் போலத் தோன்றுவதில் பாதி, எடைக்கணக்கில் தண்ணீர்.

இதன்மேல் நெடுஞ்சாலை போட வேண்டும் என்றால்?

1980களின் பிற்பகுதியில் மலேசிய நெடுஞ்சாலை வாரியத்துக்கு முன் நின்ற கேள்வி அதுதான். அதற்கு விடை தேடி மூவார்ச் சமவெளியில் பல சோதனை மண்கரைகளை எழுப்பினார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் களிமண்ணைப் பலப்படுத்த ஒவ்வொரு முறை. ஒன்றை மட்டும் எந்தப் பக்குவமும் செய்யாமல் வெறும் களிமண்மேல் எழுப்பி, இடிந்து விழும்வரை உயர்த்திக்கொண்டே போவது என்று தீர்மானித்தார்கள். எந்த உயரத்தில் விழும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல உலகின் தலைசிறந்த மண்ணியக்கவியல் நிபுணர்கள் நால்வரை அழைத்தார்கள்; வேறு பலரும் கணக்குப் போட்டுத் தந்தார்கள். எல்லோர் கையிலும் அதே ஆய்வுத் தரவுகள். வந்த விடைகளோ ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றன. கரை 5.4 மீட்டரில் சரிந்தது. 1989இல் கோலாலம்பூரில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கில் இந்தக் கணிப்புகளையும் நடந்ததையும் அருகருகே வைத்து அலசினார்கள். அன்றுமுதல் மூவார்க் கரை, மண்ணியக்கவியல் ஆய்வுக்கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர். மென்களிமண்ணுக்குப் புதிய கணக்குமுறை கண்டவர்கள் அதை இந்தக் கரையில் உரசிப் பார்க்கிறார்கள். தாங்கள் எங்கே தவறினோம் என்பதை அத்தனை அறிஞர்களும் சபையில் வைத்துப் பேசியதை நான் பெரிதாக மதிக்கிறேன். மகளுக்கு அதைத்தான் அழுத்திச் சொன்னேன்.

கரை சரியாமல் நின்றாலும் தொல்லை தீராது, அது அமிழும். பாரம் ஏறியதும் களிமண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற வழி தேடுகிறது. இடைவெளிகள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் ஆண்டுக்கணக்கில் கசிகிறது. நீர் போகப்போக நிலம் தாழ்கிறது. பன்னீர் செய்யும்போது திரிந்த பாலைத் துணியில் கட்டி மேலே கல்லை ஏற்றுகிறோம் இல்லையா, அந்தக் கதைதான். இந்தக் கசிவுக்குக் கணிதம் கண்டவர் கார்ல் தெர்சாகி. இஸ்தான்புல்லில் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது, எளிய கருவிகளைத் தாமே அமைத்துச் சோதித்து, 1925இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கணிதத்தின் ஓர் அழகான விளைவு: நீர் கடக்க வேண்டிய தூரத்தைப் பாதியாக்கினால் காலம் கால்பங்காகக் குறையும். ஆகவே களிமண்ணுக்குள் நெருக்கமாக வடிகால் பட்டைகளைச் செங்குத்தாக இறக்கிவிட்டால், தலைமுறைக் காலம் எடுக்கும் அமிழ்வு சில மாதங்களில் முடிந்துவிடும். நெடுஞ்சாலை முழுவதுமாக 1994இல் திறந்தது.

மூவார்க் கரைச் சோதனைக்காகத் துளையிட்டபோது வந்த மண்வரிசையில் என்னை மிகவும் கட்டிப்போட்டது வேறொன்று. மேலே சுமார் இரண்டு மீட்டர் வெயிலில் காய்ந்து இறுகிய ஓடு. அதன்கீழ் 18 மீட்டர் ஆழம்வரை மென்களிமண். அதற்கும் அடியில் அரை மீட்டருக்கு மேற்படாத ஒரு மெல்லிய கரி அடுக்கு: மட்கிய செடிகொடிகளின் பீட் மண். அதன்பின் மணல் கலந்த மண். பீட் கடலடியில் உண்டாவதில்லை. மரஞ்செடிகள் செத்து விழுந்து, நீர் தேங்கி, முழுதும் அழுகாமல் கிடக்கும் சதுப்பில்தான் உண்டாகும். அப்படியென்றால் கடல் வந்து மூடுவதற்கு முன் அங்கே பசுமை இருந்திருக்கிறது. நாம் நெடுஞ்சாலையில் பறக்கும்போது, சக்கரத்துக்கு ஆறேழு மாடி ஆழத்தில், மூழ்கிப்போன ஒரு சதுப்பு இருட்டில் கிடக்கிறது.

பாரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் மென்மண்ணுக்கென்றே ஓர் ஆய்வு மையம் வைத்திருக்கிறது. காலடியில் இருப்பதை அந்த ஊரே பாடமாக்கிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மாலையில் மூவார் தஞ்சோங் எமாஸ் ஆற்றோரப் பூங்கா. மகன் கையில் ஓட்டாக்-ஓட்டாக். வாழையிலைச் சுருளைப் பிரிக்காமலேயே ஆற்றைக் காட்டினான். "அம்மா, ஆறு ரிவர்ஸ் எடுக்குது!" ஒரு நிப்பா மட்டை உள்நாட்டை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது. மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இதற்குத் தமிழில் ஓதம் என்றொரு பழஞ்சொல் இருக்கிறது. நிலவும் சூரியனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் பெருகும். அந்நாள்களை உவா என்றனர் முன்னோர். கடல்நீர் கனமானது என்பதால் ஆற்றின் அடியில் ஆப்பு போல நுழைகிறது. படகோட்டிக்கு ஓதமே இலவசத் துடுப்பு. ஏற்றத்தில் புறப்பட்டால் ஆறே உள்ளே கொண்டுபோகும்.

சுல்தான் மாமுட்டின் படகுகளும் இந்த ஆற்றைத்தான் நம்பின. போர்த்துக்கீசியர் துரத்திவந்தபோது அவர் பாகோவோடு நிற்கவில்லை. மூவார் ஆற்றிலேயே மேலே போய், இன்றைய நெகிரி செம்பிலானில் அதன் கிளையான ஜெம்போல் ஆற்றுக்குத் திரும்பினால், அதன் தலைப்பக்கம் செர்த்திங் என்ற இன்னோர் ஆறு மிக அருகில் ஓடுகிறது. இடையில் ஒரு குறுகிய நிலத்துண்டு மட்டும். அதன் குறுக்கே படகை இழுத்துப்போனார்கள். அதனால் அந்த இடத்துக்குப் பெனாரிக்கான், இழுக்குமிடம், என்று பெயர். செர்த்திங்கில் இறக்கினால் பகாங் ஆறு. பகாங் ஆறு போய்ச் சேர்வது தென்சீனக் கடல். தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றாமல், வடகிழக்குப் பருவக்காற்றின் சீற்றத்துக்கு மரக்கலத்தைக் கொடுக்காமல், மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்குப் போய்விடலாம். அந்த நிலத்துண்டில் விழும் மழைத்துளி ஒரு முழம் இந்தப் பக்கம் விழுந்தால் மலாக்கா நீரிணைக்கு, அந்தப் பக்கம் விழுந்தால் தென்சீனக் கடலுக்கு. தீபகற்பத்தைக் குறுக்கே கடப்பது நம் வணிகர்களுக்கும் புதிதில்லை. வடக்கே, இன்றைய தாய்லாந்திலுள்ள தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரையும் அவனிநாரணம் என்ற குளத்தையும் சொல்கிறது. அந்த ஊரும் இப்படியொரு குறுக்குவழியின் மேற்கு வாயில் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

மாமா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயர் பாசாங் இன்னும் நிக்கல" என்றார். ஏற்றம் நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் கிளம்புவது என்று மகன் பிடிவாதம் பிடித்தான். காத்திருந்தோம். நிப்பா மட்டை பாலத்தடியைக் கடந்து, வளைவுக்கு அப்பால், பாகோ இருக்கும் திசையில் மறைந்தது.